பிறை பார்த்த கூட்டம்
(நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து தெலுக் கெமாங் கடற்கரை வரை)



நம் சங்கம் 50 ஆண்டுகளை நிறைவு செய்வதையொட்டி இந்தப் பொன்விழா மலர் உங்கள் கைகளில் தவழ்கிறது. அல்ஹம்து லில்லாஹ். ஆனால் பிறைக் கணக்கில் பார்த்தால், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு முன்பே நாம் பொன்விழாவைக் கடந்துவிட்டோம். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 நாள். சில ஆண்டுகளில் 355. சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. அந்த 11 நாள் சேர்ந்து சேர்ந்து, 50 ஆண்டில் ஒன்றரை ஆண்டாகிவிட்டது. ஆகவே ஹிஜ்ரி கணக்கில் சங்கத்தின் வயது 51ஐத் தாண்டிவிட்டது.

இதே கணக்கால்தான் ரமலான் ஆண்டுதோறும் 11 நாள் முன்னே வருகிறது. ஏறத்தாழ 33 ஆண்டில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடும். சங்கம் கண்ட இந்த 50 ஆண்டில் ரமலான் ஒன்றரைச் சுற்றுச் சுற்றியிருக்கிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு ரமலான், டிசம்பர் கடைசியில் இன்னொரு ரமலான் என்று ஒரே ஆண்டில் இரண்டு முறை வரப்போகிறது, இன்ஷா அல்லாஹ்.

சங்கத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கட்டடம் எழுந்த கதையையும், தலைவர்கள் உழைத்த கதையையும் எழுதுவார்கள். அவை எழுதப்பட வேண்டியவையே. இதை எழுதும் நாங்கள் முப்பது வயதுகளில் இருக்கிறோம். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் வியாபாரத்துக்கே திரும்பியவர்கள். எங்களுக்குத் தரப்பட்ட பக்கங்களில் வேறொரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். நம் மக்கள் இந்த மாநிலத்தில் ஒன்றாக நின்று வானத்தைப் பார்த்த வரலாறு அது.

கப்பல் தளத்தில் கண்ட வானம்

நம் முன்னோர் பலர் கப்பலில் வந்தவர்கள். ‘ரஜூலா’ என்ற பெயரைக் கேட்டாலே வீட்டில் உள்ள மூத்தவர்களின் முகம் மாறும். 1926 முதல் 1973 வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம் என்று ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று வந்து சேரும். அதற்குப் பின் ‘எம்.வி. சிதம்பரம்’ ஓடியது. 1985இல் நடந்த தீ விபத்தோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது.

தளத்துப் பயணிகளுக்குக் கூரை கிடையாது, வானமே கூரை. இரவு முழுவதும் விண்மீன்களைப் பார்த்தபடி படுத்திருந்ததாக எங்கள் பாட்டனார் சொல்வார். “ஊரில் பார்த்த துருவ நட்சத்திரம் ஒவ்வொரு ராத்திரியும் கீழே இறங்கிக்கொண்டே வந்தது” என்பார். சிறு வயதில் அதைக் கதை என்றே நினைத்தோம். பின்னாளில்தான் அது உண்மை என்று தெரிந்தது. துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுவே அந்த ஊரின் அட்சரேகை. நாகப்பட்டினத்தில் அது வடக்குத் தொடுவானத்திலிருந்து சுமார் 11 பாகை உயரத்தில் நிற்கும். போர்ட்டிக்சனில் இரண்டரைப் பாகைதான். மரமோ மேகமோ மூட்டமோ எப்படியும் மறைத்துவிடும். ஊரை விட்டு வந்தவர்கள் ஊரின் நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு வந்தார்கள். அதற்கு ஈடாகத் தெற்கே தென்சிலுவை 8 பாகை கூடுதலாக உயர்ந்து தெரிந்தது.

தொழுகைக்குத் திசை தேடும் சிரமம் அந்தப் பயணத்தில் அதிகம் இல்லை. கப்பல் தென்கிழக்கே வர, கிப்லா ஏறக்குறைய அதன் பின்புறத்தில் இருந்தது. கடலில் கப்பல் கிழித்துவிட்டு வந்த நுரைத்தடம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் பார்த்துத் தக்பீர் கட்டினோம் என்று பாட்டனார் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது.

தோட்டத்தில் பிறை

வந்தவர்களில் ஒரு பகுதியினர் சிரம்பான் பட்டணத்தில் தங்கினார்கள். மற்றவர்கள் ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லுக்குட், சுவா பெத்தோங் என்று கித்தாத் தோட்டங்களை நோக்கிப் போனார்கள். பெரும்பாலும் தோட்டத்து மளிகைக்கடை, தேநீர்க்கடை அல்லது சைக்கிளில் துணி மூட்டை. தோட்டத்து லயங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்துச் சகோதரர்கள். நம்மவர் ஒரு தோட்டத்துக்கு இரண்டு குடும்பம், மூன்று குடும்பம்தான் இருப்பார்கள்.

அந்த இரண்டு மூன்று குடும்பத்துக்கு ரமலான் பிறை எப்படித் தெரிந்தது? பள்ளிவாசல் பல மைல் தொலைவில். தொலைபேசி என்றால் தோட்ட அலுவலகத்தில் மட்டும். அதைத் தொட நம்மால் ஆகாது. பக்கத்து மலாய்க் கம்பத்துச் சூராவில் பெடுக் முழங்கினால் காற்று இந்தப் பக்கம் அடிக்க வேண்டும். ஆகவே தாங்களே பார்த்தார்கள். ஷஃபான் 29ஆம் நாள் மாலையில் கடையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, கித்தா மரங்கள் மறைக்காத மேட்டுக்குப் போய் நின்றார்கள். பெண்கள் லயத்து வாசலில் நின்றார்கள். பிள்ளைகளுக்குக் கண் கூர்மை என்பதால் அவர்களை முன்னே நிறுத்துவார்கள்.

இதில் ஒரு செய்தியை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியலுக்கு முன்பே எழுந்து பெரட்டுக்கு நிற்பார்கள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் அவர்கள் வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். விடிவெள்ளியும் தேய்பிறையும் அவர்கள் கண்ணில் படாமல் போகாது. மாதக் கடைசியில் நம் கடைக்காரர்கள் அவர்களிடம் கேட்பார்களாம்:

“ஏம்மா, காலையில கிழக்கால பிறை தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது பாய், நூலாட்டம். நேத்தைவிடக் கீழே இருந்துச்சு.”

“அப்ப இன்னைக்குப் பொழுது சாஞ்சா தெரியாது. நாளைக்குப் பார்த்துக்கலாம்.”

இது வெறும் பழக்கப் பேச்சு இல்லை. காலையில் சூரியனுக்கு முன்னால் கிழக்கில் எழுந்த தேய்பிறை, சூரியனைத் தாண்டிப் போய் மறுபக்கத்தில் கண்ணுக்குத் தெரிய ஒரு நாளுக்கு மேல் ஆகும். சந்திரன் சூரியனை விட்டு மணிக்கு அரைப் பாகை அளவில்தான் விலகுகிறது. அன்று காலையில் பிறையைக் கண்டால் அன்று மாலை தலைப்பிறை தெரியாது. எழுத்தறிவு அதிகம் இல்லாத பால்வெட்டும் அம்மாவும், மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காத கடைக்காரரும் சேர்ந்து போட்ட கணக்கு, இன்று கணினியில் வரும் கணக்கோடு ஒத்துப்போகிறது. நோன்பு நம்முடையது, அதற்குச் சாட்சி சொன்ன கண் அடுத்த லயத்து இந்துச் சகோதரியுடையது. நம் சமூகத்தின் வரலாற்றில் இந்தக் கண்ணுக்கும் ஓரிடம் உண்டு.

கடிகாரம் மாறியது, சூரியன் மாறவில்லை

பிறை நாளைச் சொல்லும். நோன்பு திறக்கும் நேரத்தைச் சொல்வது சூரியன். இந்த நாட்டில் கடிகாரம் மனிதர் கையில் பலமுறை மாறியிருக்கிறது. 1942இல் ஜப்பானியர் ஆட்சி வந்ததும் மலாயாவின் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். ஒரே அடியாக ஒன்றரை மணி நேரம் முன்னே போனது. அந்த ஆண்டு ரமலானில் நோன்பு திறக்கும்போது கடிகாரம் இரவு 8 மணியைத் தாண்டிக் காட்டியிருக்கும். 1945இல் பழைய நேரம் திரும்பியது.

நம் பெற்றோருக்கு நினைவிருப்பது அடுத்த மாற்றம். சபா, சரவாக் நேரத்தோடு தீபகற்பத்தையும் ஒன்றாக்குவதற்காக, 1981 டிசம்பர் 31 இரவு 11:30 ஆனபோது கடிகாரத்தை 12 என்று திருப்பி வைத்தார்கள். 1982 அரை மணி நேரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. அதுவரை சிரம்பானில் மாலை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் நடந்த மஃரிப், அதன்பின் ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில் வந்தது. பழைய தொழுகை நேர அட்டவணைகள் எல்லாம் ஒரே இரவில் செல்லாதவை ஆயின. பழைய அட்டவணையைப் பார்த்து அரை மணி நேரம் முன்பே பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்தவர்களின் கதை நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அப்படி எடுத்தவரிடம் எங்கள் பாட்டி, “கடியாரத்தைப் பார்க்காதீங்க, வெளியில போய் வெளிச்சத்தைப் பாருங்க” என்றாராம்.

தெலுக் கெமாங்

நெகிரி செம்பிலானின் கரை மேற்கு நோக்கிய கரை. போர்ட்டிக்சனுக்குத் தெற்கே தெலுக் கெமாங்கில் நின்றால் முன்னால் மலாக்கா நீரிணை மட்டுமே. சூரியன் கடலில் இறங்கும். மலையோ மரமோ மறைக்காது. சற்றுத் தள்ளித் தஞ்சோங் துவானில் பழைய கலங்கரை விளக்கம் நிற்கிறது. மாலுமிகளுக்கு வழி காட்டிய அந்தக் கரையே பிறை தேடுகிறவர்களுக்கும் ஏற்ற இடமாயிற்று. இன்று அங்கே ‘பைத்துல் ஹிலால்’ என்ற பிறை நோக்கு நிலையமும் தொலைநோக்கிகளும் இருக்கின்றன. ரமலானுக்கும் ஷவ்வாலுக்கும் நாடு முழுவதும் அதிகாரபூர்வமாகப் பிறை பார்க்கும் 29 இடங்களில் இதுவும் ஒன்று. அங்கிருந்தெல்லாம் வரும் அறிக்கைகளை வைத்துத்தான் அரச முத்திரைக் காப்பாளர் தொலைக்காட்சியில் தோன்றி நாளை அறிவிக்கிறார்.

இந்தக் கலைக்கு மலாய் உலகில் ‘ஃபலக்’ என்று பெயர். அதை வளர்த்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஷேக் தாஹிர் ஜலாலுத்தீன். 1869இல் மினாங்கபாவில் பிறந்து, மக்காவிலும் எகிப்தின் அல்-அஸ்ஹரிலும் கற்று, மலாயாவில் பணியாற்றி 1956இல் மறைந்தவர். தொழுகை நேரத்தையும் கிப்லாவையும் மடக்கை அட்டவணை கொண்டு கணக்கிடும் முறையை 1938இல் ‘பத்தி கிராஅன்’ என்ற நூலாகத் தந்தார். பினாங்கின் பந்தாய் ஆச்சேயில் உள்ள ஃபலக் மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மினாங்கபாவ் வழிவந்த நெகிரி செம்பிலானில் வாழும் நாம் இவரை அறிந்திருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஷஃபான் 29 அன்று நாங்கள் ஏழெட்டுப் பேர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுத் தெலுக் கெமாங் போனோம். அங்கே முக்காலியில் நின்ற தியோடலைட்டைப் பார்த்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பாலிடெக்னிக்கில் நில அளவைப் பாடத்துக்காக வெயிலில் சுமந்து திரிந்த அதே கருவி! சாலைக்கு மட்டம் பார்க்கக் கற்ற கருவியால்தான் அல்லாஹ்வின் பிறை எந்தத் திசையில், எந்த உயரத்தில் இருக்கும் என்று குறி வைக்கிறார்கள். நான்கு பருவம் படித்தும் ஆசிரியரோ நாங்களோ அதை நினைத்துப் பார்த்ததில்லை.

அங்கிருந்த ஓர் அதிகாரி பொறுமையாக விளக்கினார். கையை நேராக நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம் ஏறக்குறைய ஒரு பாகை. முன்பு மலேசியா, இந்தோனேசியா, புருணை, சிங்கப்பூர் நான்கும் ஒப்புக்கொண்ட அளவுப்படி, சூரியன் மறையும்போது பிறை 2 பாகை உயரமும் சூரியனிலிருந்து 3 பாகை விலகலும் இருந்தால், அல்லது பிறந்து 8 மணி நேரம் ஆகியிருந்தால் போதும். ஆனால் அவ்வளவு இளம்பிறையைக் கண்ணால் காண்பது மிக மிக அரிது என்று அனுபவம் காட்டியது. 2021ஆம் ஆண்டு வாக்கில் உயரம் 3 பாகை, விலகல் 6.4 பாகை என்று அளவை உயர்த்தினார்கள்.

3 பாகை என்றால் எவ்வளவு நேரம்? சூரியன் மறைந்து சுமார் 12 நிமிடத்தில் பிறையும் கடலில் இறங்கிவிடும். அந்த 12 நிமிடத்தில், அந்திச் செம்மையில், தலைமுடி போன்ற ஒரு கீற்றைத் தேட வேண்டும். நாங்கள் போன அன்று மேகம். 12 நிமிடமும் மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் பேசவில்லை. முதியவர்கள், பள்ளி மாணவர்கள், குழந்தையைத் தோளில் வைத்த தாய்மார்கள் என எல்லாரும் ஒரே திசையில் பார்த்தபடி நின்றார்கள். பிறை தெரியவில்லை. ஆனால் திரும்பி வரும்போது எங்களில் ஒருவர் சொன்னார்: “நம்ம பெரியவங்க மேட்டுல நின்ன மாதிரியே நின்னோம்ல?”

2022 மே 1 இரவு

இந்தக் கணக்கெல்லாம் நமக்கு எதற்கு, அறிவிப்பு வந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். 2022 மே 1 ஞாயிறு இரவை நினைத்துப் பாருங்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டில் இரண்டு பெருநாளை வீட்டுக்குள் கழித்த பிறகு வந்த முதல் பெருநாள். நாட்காட்டியில் மே 3 செவ்வாய் என்று அச்சிட்டிருந்தது. திங்கட்கிழமை முழுவதும் வியாபாரம் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்திருந்தோம். இரவு அறிவிப்பு வந்தது: பிறை தென்பட்டது, நாளை பெருநாள்!

எங்கள் கடையில் தைக்கக் கொடுத்த உடுப்புகள் குவிந்து கிடந்தன. “திங்கட்கிழமை வாங்கிக்கலாம்” என்று நாங்களே சொல்லி அனுப்பியவை. அரை மணி நேரத்தில் வாசலில் கூட்டம். பின்னிரவு இரண்டு மணி வரை பொத்தான் தைத்தோம். அப்படியும் ஒரு சிறுவனின் பாஜு மெலாயு முடியவில்லை. அவன் போன பெருநாளின் உடுப்பைப் போட்டுக்கொண்டு தொழ வந்தான். கை மணிக்கட்டுக்கு மேலே ஏறியிருந்தது. அவன் அத்தா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் வருத்தம்.

அந்த இரவிலேயே எங்கள் அத்தா புதுக்கோட்டையில் உள்ள பெரியத்தாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

“அண்ணே, இங்கே பெருநாளு!”

“என்னப்பா சொல்றே? இங்கே இன்னும் நோன்பே திறக்கல!”

இரு நாட்டிலும் ஏப்ரல் 3 அன்றே நோன்பு தொடங்கியது. இங்கே 29 நோன்பு. தமிழ்நாட்டில் 30 நோன்பு, பெருநாள் மே 3. இப்படி வரும்போதெல்லாம் குடும்பங்களில் வாக்குவாதம் எழுவதை நாம் அறிவோம். யார் சரி, யார் தவறு என்று வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டே இருப்பார்கள்.

பிறகு கணக்கை எடுத்துப் பார்த்தோம். அந்த மாதச் சந்திரன் மே 1 அதிகாலை 4:28க்குப் பிறந்தது. மாலை சூரியன் மறையும்போது அதற்கு 15 மணி நேரம்கூட ஆகவில்லை. உயரம் போதுமானது, ஆனால் சூரியனிலிருந்து விலகல் புதிய அளவைத் தொடவில்லை. அதனால்தான் நாட்காட்டி மே 3 என்றது. ஆனாலும் தேடினார்கள், பிறை தென்பட்டதாகச் சாட்சி வந்தது, ஏற்றுக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் சூரியன் நமக்கு ஒன்றரை மணி நேரம் கழித்து மறைகிறது. அதற்குள் சந்திரன் சூரியனை விட்டு இன்னும் முக்கால் பாகை விலகியிருக்கும். அப்படி இருந்தும் அங்கே பிறை கண்டதாக ஏற்கப்படவில்லை. எனவே நபிவழிப்படி 30ஆக நிறைவு செய்தார்கள். இங்கும் அங்கும் தேடினார்கள். இங்கும் அங்கும் கிடைத்த சாட்சிக்குக் கட்டுப்பட்டார்கள். எல்லைக்கோட்டில் நின்ற பிறை அது. இதை முன்பே அறிந்திருந்தால் அந்த ஆண்டு வாக்குவாதம் செய்திருக்க மாட்டோம். அந்தச் சிறுவனின் உடுப்பையும் சனிக்கிழமையே முடித்திருப்போம்.

கிரகணமும் கிப்லாவும்

பிறை மட்டுமல்ல. 2019 டிசம்பர் 26 வியாழக்கிழமை வளையச் சூரிய கிரகணம் வந்தது. காலையில் கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகக் கடந்து, யாழ்ப்பாணத்தைத் தொட்டு, வங்கக் கடலைத் தாண்டி, சுமத்ராவுக்கும் சிங்கப்பூருக்கும் போனது. நம் முன்னோர் ஒரு வாரம் கப்பலில் வந்த தூரத்தை அந்த நிழல் ஒன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிட்டது! ஊரில் காலை ஒன்பதரை, அதாவது நம் நேரப்படி நண்பகல் 12 மணிக்கு, பெரியத்தா வீட்டார் சூரிய வளையத்தைப் படமெடுத்து அனுப்பினார்கள். பிற்பகல் சுமார் 1:20க்கு இங்கே பெரும்பகுதி மறைந்த சூரியனை நாங்கள் கிரகணக் கண்ணாடியில் பார்த்தோம். வளையம் காண ஜொகூருக்குப் போனவர்களும் உண்டு.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் கிரகணம் ஏற்பட்டது. அந்தத் துக்கத்தால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினார்கள். யாருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனும் சந்திரனும் கிரகணம் கொள்வதில்லை என்று பெருமானார் தெளிவுபடுத்தி, தொழுகையில் நின்றார்கள். மகனை இழந்த துயரத்திலும் உண்மையைச் சொன்னார்கள். நம் வீடுகளில் கிரகண நேரத்தில் பிள்ளைகளை உள்ளே பூட்டி வைக்கும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. இப்போது தொழுதுவிட்டு அவர்களைக் கூட்டி வந்து, தகுந்த கண்ணாடியோடு காட்டுகிறோம். இது பெரிய மாற்றம்.

இன்னொன்று, எந்தக் கருவியும் தேவைப்படாதது. ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வருகிறது. நம் நேரப்படி மே 28 மாலை 5:16. ஜூலை 16 மாலை 5:28. லீப் ஆண்டில் ஒரு நாள் முன்னதாக வரும். அந்த நேரத்தில் ஒரு குச்சியை நேராக நட்டால் அதன் நிழல் குச்சியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளமாகத் தரையில் விழும். நிழலின் நுனியிலிருந்து குச்சியின் அடியை நோக்கிப் பார்த்தால் அதுவே கிப்லா. தோட்டத்து நாட்களில் “மேற்கால பார்த்துத் தொழு” என்றுதான் சொல்வார்கள். உண்மையில் சிரம்பானிலிருந்து கிப்லா நேர் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 22½ பாகை சாய்ந்திருக்கிறது. நாங்கள் சென்ற முறை வீட்டு முற்றத்தில் ஒரு துடைப்பக் கட்டையை நட்டுப் பார்த்தோம். தொழுகை விரிப்பு எத்தனையோ ஆண்டாகக் கிடந்த திசை கொஞ்சம் தெற்கே தள்ளியிருந்தது. அம்மா பேசாமல் விரிப்பைத் திருப்பிப் போட்டார்கள்.

நாம் இழந்ததும் இழக்கக் கூடாததும்

கித்தா போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாகின. நீலாய், சிரம்பான் 2 போன்ற இடங்களில் தோட்ட நிலம் வீடமைப்புப் பகுதிகளாயிற்று. 1998இல் அருகே சிப்பாங்கில் விமான நிலையம் வந்தது. இவற்றால் நம் வியாபாரமும் பிள்ளைகளின் படிப்பும் வளர்ந்தன. அதை மறுக்க மாட்டோம். ஆனால் இருள் போய்விட்டது. பாட்டனார் பெரட்டுக் களத்தில் கண்ட பால்வீதியைச் சிரம்பானில் நம் பிள்ளைகள் கண்டதில்லை. நாளும் நேரமும் கைப்பேசிக்கு வந்துவிடுவதால் தலை நிமிர்த்த வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று.

அறிவிப்பை நாம் மறுக்கவில்லை. பெருநாளைத் தனியாக முடிவு செய்யும்படியும் சொல்லவில்லை. நாளை அறிவிப்பது பொறுப்பில் உள்ளவர்களின் கடமை. அதற்குக் கட்டுப்படுவது நம் கடமை. எங்கள் கவலை வேறு. பிறைகளைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அவை மக்களுக்குக் காலம் காட்டுபவை என்று திருக்குர்ஆன் அறிவிக்கிறது. அந்தக் காலம்காட்டி இன்னும் வானத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க மூன்று குடும்பம் ஒரு மேட்டில் சேர்ந்து நின்றதால்தான், அந்த மூன்று குடும்பமும் ஒரு ஜமாஅத்தாக இருந்தன. சங்கம் பிறப்பதற்கு முன்பே சங்கமாகச் சேர்ந்தது அந்த மேட்டில்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஆகவே சங்கத்தின் அடுத்த 50 ஆண்டுக்கு ஒரு சிறு வேண்டுகோள். பெரிய செலவு எதுவும் வேண்டாம். ஷஃபான் 29 மாலையில் குடும்பத்தோடு தெலுக் கெமாங் கடற்கரையில் கூடுவோம். ஆளுக்கு ஒரு சிற்றுண்டி கொண்டு வந்தால் போதும். 10க்கு 50 அளவுள்ள ஒரு சாதாரண இருகண் நோக்கி போதும். சூரியன் முழுவதும் மறைந்த பிறகே அதைக் கண்ணில் வைக்க வேண்டும் என்பதை மட்டும் பிள்ளைகளுக்கு உறுதியாகச் சொல்லிவிடுவோம். மே 28, ஜூலை 16 இரண்டு நாளும் சங்க வளாகத்தில் ஒரு குச்சி நடுவோம். 2028 டிசம்பர் 31 இரவு, நம் நேரப்படி 2029 பிறந்த முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள், முழுச் சந்திர கிரகணம் நிகழும். வாணவேடிக்கை பார்க்கப் போகும் இளைஞர்களைச் சங்கத்துக்கு அழைத்துக் கிரகணத் தொழுகை தொழுது, வானம் தெளிந்திருந்தால் செம்புநிறச் சந்திரனைச் சேர்ந்து பார்ப்போம். பாலிடெக்னிக்கிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் நம் பிள்ளைகளில் ஒருவராவது ஃபலக் கலையை முறையாகக் கற்று வரட்டும்.

சென்ற ரமலானுக்கு முந்தைய மாலை, எங்கள் வீட்டுச் சிறுமி மாடியில் நின்று கேட்டாள்: “அத்தா, பிறை எந்தப் பக்கம் வரும்?” சூரியன் மறைந்த பக்கத்தைக் காட்டினோம். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் தெரியலையே” என்றாள். “பரவாயில்லை, நில்லும்மா, சேர்ந்து பார்ப்போம்” என்றோம். கீழே இருந்து அம்மாவும் மெல்லப் படியேறி வந்தார்கள்.

வல்ல அல்லாஹ், நமக்கு முன் அந்த மேட்டில் நின்று பிறை பார்த்த பெரியவர்களின் பிழைகளைப் பொறுத்து அவர்களுக்கு மறுமையில் உயர்ந்த இடத்தைத் தருவானாக. நம் பிள்ளைகளுக்குத் தெளிந்த கண்ணையும் தெளிந்த அறிவையும் தருவானாக. நம்மை ஒரே திசை நோக்கி நிற்கும் கூட்டமாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.